பானகத்து எறும்புகள்

பானையில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் அந்தக் கோடையில் ரங்கம்மாவுக்கு விடிந்ததும் முதல் வேலை. பொழுது சாயும்போது கழுத்து வரை நிரப்பி வைப்பாள். காலையில் சொம்பை விட்டால் அடியில் தட்டும். வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவள் இரவில் தண்ணீர் குடிக்கிறவள் அல்ல.

முதல் நாள் பானை கசிகிறதோ என்று அடியைத் தடவிப் பார்த்தாள். மணல் காய்ந்து கிடந்தது. இரண்டாம் நாளும் தடவினாள். மூன்றாம் நாள் தடவவில்லை. பானைக்கு முன்னால் குந்திக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். வந்தது அவளுக்குப் பழகிய பயம்தான். மூன்று வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது, இப்போது விழித்துக்கொண்டது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் அது. வேப்பனப்பள்ளியிலிருந்து வடக்கே மூன்று மைல் நடந்தால் மைசூர் ராஜ்ஜியம் வந்துவிடும் என்கிற இடத்தில் அவர்கள் வீடும் மாந்தோப்பும் இருந்தன. புருஷன் தீர்த்தகிரிக்கு முப்பத்தெட்டு வயது. அவனுக்கு வருகிற வியாதிக்கு ஊரார் வைத்த பெயர் வேறு. அவனும் அவளும் தங்களுக்குள் அதை ஏத்தம், எறக்கம் என்று சொல்லிக்கொண்டார்கள். ஏத்தம் வந்தால் தூக்கம் போகும், தாகம் ஏறும். பேச்சு நிற்காது. போன ஏத்தத்தில், கிருஷ்ணகிரிக்கு வந்துகொண்டிருந்து உலகச் சண்டைக் காலத்தில் தண்டவாளத்தோடு பிடுங்கப்பட்ட சின்ன ரயிலைத் தானே திரும்பக் கொண்டுவரப்போவதாகப் புறப்பட்டான். கயிறும் முளைக்குச்சியும் எடுத்துக்கொண்டு பதினோரு நாள் அளந்தான். ரயில் பாதைக்குக் குறுக்கே நிற்கிறது என்று காய் பிடித்திருந்த பதினேழு மாமரங்களை வெட்டிச் சாய்த்தான். அண்ணன் கரியப்பனும் நாலு ஆட்களும் சேர்ந்து பிடித்து, தோப்புக் காவல் கொட்டகையின் கல்தூணில் காளைச் சங்கிலியால் கட்டினார்கள். கட்டிய கரியப்பன் கட்டி முடித்ததும் தரையில் உட்கார்ந்து அழுதான். இருபத்தாறு நாள் அந்தச் சங்கிலி கிடந்தது. வலது கணுக்காலில் வளையம் போட்டதுபோல் தழும்பு விழுந்தது.

பிறகு எறக்கம். ஆறு மாதம் சுவரைப் பார்த்தபடி இருந்தான். பிறகு பெங்களூர் ஆஸ்பத்திரி. தலைக்குக் கரண்ட் வைத்தார்கள். புதிதாக வந்த வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரையோடு வீடு திரும்பியவன் சாந்தமாக இருந்தான், நன்றாகச் சாப்பிட்டான், தடித்தான். கழுத்தில் மடிப்பும் வயிற்றில் தொந்தியும் விழுந்தன. "பித்தம் தெளிஞ்சிருச்சு, பாரு ஒடம்பு வெச்சுட்டான்" என்று ஊரே மகிழ்ந்தது. ரங்கம்மாவும் மகிழ்ந்தாள். இன்னும் ஒரு களி உருண்டை போடுவாள்.

திரும்பி வந்த அன்றைக்கு அவன் ஒரே ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டான்.

"ரங்கு, இன்னொரு தபா ஏத்தம் வந்தா அது எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும். அண்ணன்கிட்டச் சொல்றதுக்கு முன்ன என்கிட்டச் சொல்லு. சங்கிலி மட்டும் வேணாம்."

அவள் அவன் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

இப்போது பானை காலியாகிறது. இரவில் கதவு திறந்து திறந்து மூடுகிறது. சத்தியம் நெஞ்சில் முள்ளாய் நிற்கிறது. ஆனால் அவள் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று தோன்றியது.

அதற்குப் பதிலாக ஊர் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அந்தப் பக்கத்தில் தலைக்குச் சூடு ஏறியவர்களுக்கு வழக்கமாகச் செய்கிற நேர்த்திதான். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், தாகம் என்று கேட்கும்போதெல்லாம் வெறும் தண்ணீர் கொடுக்கக் கூடாது. அம்மன் காலடியில் வைத்தெடுத்த வெல்லத்தில் கரைத்த பானகம்தான். பானகம் உள்ளே இறங்க இறங்கச் சூடு இறங்கும். பானையைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டு, பானகக் குடத்தை அதன் இடத்தில் வைத்தாள்.

அவன் குடித்தான். குடித்துவிட்டு இன்னும் கேட்டான். அவள் கரைத்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்குள் எறும்பு புகுந்தது. வெல்லம் புழங்கும் வீட்டில் எறும்பு வராமல் என்ன செய்யும்? உறியில், அம்மியடியில், குடத்தின் வாயில் கட்டிய துணியில் எல்லாம் எறும்பு. அவிழ்த்துப்போட்ட அவன் வேட்டியில்கூட மொய்த்தது. குடிக்கும்போது சிந்திக்கொண்டிருப்பான் என்று உதறித் துவைத்துப் போட்டாள். கொல்லையில் ஆமணக்குச் செடியடியில் ஒரு சாரையே போய்க்கொண்டிருந்தது. அதையும் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான்.

பத்தொன்பதாம் நாள் கரியப்பன் வந்தான். அவன் வீடு இரண்டு வயல் தள்ளி. உள்ளே வராமல் வாசலில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"ஏம்மா ரங்கம்மா, தம்பி இன்னைக்குக் காலைல வரப்பு மேல அஞ்சு தபா போயிட்டு அஞ்சு தபா வந்தான். நான் பாக்கலன்னு நெனச்சியா?"

"வயித்துக் கோளாறு மாமா."

"வயித்துக் கோளாறா. ராத்திரி உங்க வூட்டுக் கதவு எத்தினி தபா கிறீச்சுன்னுச்சுன்னு என்னைக் கேளு, சொல்றேன். உனக்கு மட்டுந்தான் தூக்கம் வர்லன்னு நெனச்சுக்கினு இருக்கியா?"

கரியப்பன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். கெட்டவன் அல்ல. வெட்டுண்ட பதினேழு மரத்தில் எட்டு அவனுடையது. அதைப்பற்றி ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை.

"ஞாயித்துக்கெழமை எம் பொண்ணு காவேரியப் பொண்ணு பாக்க பாகலூர்ல இருந்து வர்றாங்க. அவளுக்கு இது மூணாவது எடம். அவங்க முன்னாடி இவன் கயித்த எடுத்துக்கினு ரயிலு வுடறேன்னு வந்து நின்னா..."

"நின்னா என்ன?" பின்னாலேயே வந்திருந்த அவன் பெண்டாட்டி நாராயணம்மா குறுக்கிட்டாள். "மாப்ள வூட்டாருக்கு பஸ்ஸு செலவு மிச்சம். ரயிலேறிப் போயிருவாங்க."

"ஏய், நீ சும்மா இரு."

"சும்மாதான் இருக்கேன். சும்மா இருந்து சும்மா இருந்துதான் எட்டு மரம் போச்சு."

கரியப்பன் அவளைப் பார்க்காமல் ரங்கம்மாவிடம் சொன்னான். "வெள்ளிக்கெழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் என்னைக் கேக்காத."

அன்று சாயங்காலம் மோர் வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனபோது மாட்டுக் கொட்டகையைக் கடந்தாள். காளைச் சங்கிலி புளி போட்டுத் துலக்கி, எண்ணெய் தடவி, ஆணியில் மாட்டப்பட்டிருந்தது. துரு போன இரும்பு மாலை வெயிலில் மின்னியது. மோர் வாங்காமலே திரும்பினாள்.

தீர்த்தகிரி தோப்பில் இருந்தான். மரங்களில் காய் முற்றித் தொங்கிக்கொண்டிருந்தது. சில தானாக விழுந்து வெடித்து, அழுகிய இனிப்பு வாடை எங்கும் கிடந்தது. அவன் ஒரு வெட்டுண்ட அடிமரத்தின்மேல் உட்கார்ந்து வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தழும்பின்மேல் செருப்பு வார் உரசி ஒரு புண். பத்து நாளாகிறது. ஆறவில்லை. ஓரம் வெளுத்து, நடுவில் கறுத்திருந்தது.

"வலிக்குதாங்க?"

"வலிக்கல. அதான் பயமா இருக்கு."

அவள் எதிரில் உட்கார்ந்தாள். அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்ததை அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில்தான் சரியாகக் கண்டாள். மூன்று வருஷத்தில் ஏறிய சதை மூன்று மாதத்தில் எங்கே போயிற்று? வேட்டி இடுப்பில் நிற்காமல் அரைஞாணில் சொருகியிருந்தான்.

தூரத்தில் எவனோ தெலுங்கில் மாட்டை அதட்டிக்கொண்டு போனான். அந்தக் குரல் தேய்ந்து மறைகிற வரை இருவரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ரங்கு. நீ பானைய எதுக்குப் பரண்ல வெச்ச?"

அவள் தலை குனிந்தாள்.

"ஏறுதா எனக்கு? சொல்லு."

"தெரியலங்க."

"போன தபா தலைக்குள்ள ஓடுச்சு. நான் பின்னால ஓடினேன். இந்தத் தபா தலைக்குள்ள ஒண்ணும் ஓடல. கம்முனு கெடக்குது. ஒடம்புதான் ஓடுது. உருகி ஓடுது. யாரோ உள்ள இருந்து எறைச்சுக் கொட்டற மாதிரி."

அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். அதில் பழைய பளபளப்பு இல்லை. களைப்புதான் இருந்தது. ஆனால் போன தடவையும் அவன் இப்படித்தானே சொன்னான்? எனக்கு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டேதானே மரத்தை வெட்டினான்? நம்ப ஆசைப்படுகிற மனசை நம்பக் கூடாது என்பதை அந்தப் பதினோரு நாளில் அவள் கற்றிருந்தாள்.

"தாகமா இருக்கு" என்றான்.

எழுந்து போய்ப் பானகம் கொண்டுவந்தாள்.

வியாழக்கிழமை காலை, தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினாள். பெங்களூர் டாக்டர் எழுதித் தந்த மாத்திரைகளை அங்கே ஒரு தனி டாக்டரின் மருந்துக் கடையில்தான் வாங்குவாள். டாக்டர் ஏதோ பிரசவத்துக்குப் போயிருந்தார். கம்பவுண்டர் ராஜப்பன் குப்பிகளுக்கு நடுவே ஒரு கண்ணில் கூட்டத்தையும் ஒரு கண்ணில் மருந்தரைக்கும் கலுவத்தையும் வைத்துக்கொண்டு அரைத்துக்கொண்டிருந்தான்.

"கூத்கோப்பா, கூத்கோ" என்று இருமிக்கொண்டு நின்ற ஒரு கிழவரைக் கன்னடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, "என்னம்மா, மாத்தரை அதுக்குள்ள தீந்துருச்சா? பத்து நாளு இருக்கணுமே" என்றான்.

"அது இருக்கு சாமி. தூங்கறதுக்குப் பெருசா ஒண்ணு வேணும். ரெண்டு நாளு அசையாமப் படுக்கணும்."

"ரெண்டு நாளுதானா? எமன்கிட்டக் கேளு, எத்தினி நாளு வேணும்னாலும் குடுப்பான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரங்கம்மா சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். ராஜப்பன் அதைப் பார்த்துவிட்டு அரைப்பதை மெதுவாக்கினான்.

"தூங்கலையா அவரு?"

"படுக்கறாரு, எழுந்துக்கறாரு. படுக்கறாரு, எழுந்துக்கறாரு."

"பேசறாரா?"

"இல்ல."

"சண்டை கிண்டை? பாட்டு?"

"இல்ல சாமி. கம்முனு இருக்காரு."

"பின்ன எதுக்கும்மா எழுந்துக்கறாரு?"

"ஒண்ணுக்கு."

ராஜப்பனின் கை நின்றது. "தண்ணி குடிக்கறாரா?"

"பானை பானையா. ஆனா இப்ப வெறும் தண்ணி குடுக்கறதில்ல சாமி. அம்மனுக்கு நேந்துக்கினு பானகமாத்தான் குடுக்கறேன். இன்னியோட இருவத்திரெண்டு நாளு, ஒரு வேளை தப்பல."

"ஒடம்பு?"

"பாதி ஆயிட்டாரு. கால்ல புண்ணு ஒண்ணு..."

"எறும்பு மொய்க்குதா?"

"வெல்லம் பொழங்கற வூடு. எங்க பாத்தாலும் எறும்புதான்."

"வூட்ட நான் கேக்கலம்மா. அவரு ஒதுங்கற எடத்துல."

ஆமணக்குச் செடி அவள் கண்முன் வந்து நின்றது. அதன் அடியில் போய்க்கொண்டிருந்த கறுப்புச் சாரை. அந்த இடத்துக்குப் பானகச் சொம்பு ஒருநாளும் போனதில்லை. வேட்டியில் மொய்த்த எறும்புகூட, நினைத்துப் பார்த்தால், மார்ப்பக்கம் மொய்க்கவில்லை.

கடைக்குள் இருந்த சத்தமெல்லாம் எங்கோ போய்விட்டதுபோல் இருந்தது. கிழவர் இருமுவது தெரிந்தது, கேட்கவில்லை.

டாக்டர் வந்தபோது ராஜப்பன்தான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் கைகூடக் கழுவாமல் கேட்டார். "வாந்தி உண்டா? மூச்சு வாங்குதா?"

"நேத்து ஒரு தபா வாந்தி."

"இன்னைக்கே கொண்டா. நாளைக்குன்னு வெச்சுக்காதே. சக்கரை வியாதிம்மா அது. சொட்டுச் சொட்டா வர்றது இல்ல, வெள்ளமா வந்திருக்கு. மயக்கமாப் போயிட்டார்னா அப்புறம் எழுப்ப முடியாது."

"அப்ப... ஏத்தம் இல்லையா சாமி? பைத்தியம் இல்லையா?"

"அது வேற, இது வேற" என்றார் டாக்டர். பிறகு தனக்கே சொல்லிக்கொள்வதுபோல், "ஆனா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தெரிஞ்ச ஆளுங்க" என்றார்.

பானகத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்து வெல்லம் தட்டிய தன் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இருபத்திரண்டு நாள். எரிகிற வீட்டுக்கு ஒரு குடம் விடாமல் எண்ணெய் ஊற்றியிருக்கிறாள். அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டு வைத்துக் கும்பிட்டு ஊற்றியிருக்கிறாள்.

வேப்பனப்பள்ளியில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தபோது வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. பானகக் குடமும் இல்லை.

தோப்புக்கு ஓடினாள்.

கொட்டகையின் கல்தூணில் சாய்ந்து தீர்த்தகிரி கிடந்தான். துலக்கிய சங்கிலி, தழும்பு இருந்த அதே காலில், புண்ணுக்கு மேலேயே பூட்டப்பட்டிருந்தது. கரியப்பன் சற்றுத் தள்ளி, தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். நாராயணம்மா குடத்திலிருந்து பானகத்தை மொண்டு தீர்த்தகிரியின் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! ஊத்தாத!"

நாராயணம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். "உன் நேத்திதாம்மா. ஒரு வேளை தப்பக்கூடாதுன்னு நாந்தான்..."

ரங்கம்மா சொம்பைத் தட்டிவிட்டாள். அது உருண்டு போய்ச் சுவரில் மோதியது.

"வெள்ளிக்கெழமைன்னு சொன்னீங்களே மாமா!"

"சொன்னேன்." கரியப்பன் எழவில்லை. "மத்தியானம் வரப்பு மேல தள்ளாடிக்கினு வந்தான். நாக்கு கொழறுச்சு. என்னைப் பாத்து யாருன்னான். வாயில வாடை. எல்லை தாண்டிப் போயி எவன்கிட்டயோ குடிச்சுட்டு வந்திருக்கான். பைத்தியத்துக்கு மேல சாராயம். நான் என்ன பண்ணட்டும்?"

அவள் புருஷன் முகத்தருகே குனிந்தாள். மூச்சு ஆழமாக, வேகமாக, ஓடி வந்தவனுடையதுபோல் போய் வந்துகொண்டிருந்தது. ஆனால் அவன் ஓடவில்லை. கண் பாதி மூடிக் கிடந்தான். வாயில் அடித்தது சாராய வாடை அல்ல. விழுந்து அழுகிய மாம்பழத்தின் வாடை. தோப்பெல்லாம் கிடந்த அதே வாடை அவனுக்குள்ளிருந்து வந்தது.

"சாவியக் குடுங்க."

"ஞாயித்துக்கெழமை போவட்டும்."

"ஞாயித்துக்கெழமை வரைக்கும் இருக்க மாட்டாரு. இது ஏத்தம் இல்ல மாமா, சக்கரை வியாதி. டாக்டர் சொல்லிட்டாரு. இன்னைக்கே கொண்டாரச் சொன்னாரு."

"போன தபாவும் நீ இதைத்தான் சொன்ன. தூக்கம் இல்லாத கோளாறு, ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்னு. நான் நம்பினேன். மறுநா கோடாலி எடுத்தான். அவனை அவுத்து வுட்டு அவன் யார் கழுத்துலயாவது வெச்சுட்டா? அவனுக்கு நான் அண்ணன். அவனை நான்தான் போலீசுல குடுக்கணும்."

இவனுக்கும் பயம்தான் என்று ரங்கம்மாவுக்கு அப்போது புரிந்தது. அவளுடையதைவிடச் சிறிய பயம் அல்ல. பயத்தோடு எப்படி வாதாடுவது? அவள் வாதாடவில்லை. அவன் கையைப் பிடித்தாள். தம்பி பெண்டாட்டி மூத்தவன் கையைத் தொடுகிற வழக்கம் அங்கே இல்லை. கரியப்பன் அதிர்ந்துபோய் எழுந்தான்.

"இங்க வாங்க. பாருங்க."

தீர்த்தகிரி நினைவில்லாமல் நனைத்திருந்தான். ஈரம் வேட்டியிலிருந்து இறங்கி, காலை ஒட்டி, மண்ணில் பரவியிருந்தது. அந்த ஈரத்தின் கரையில் எறும்பு கட்டியிருந்தது. மேலும் மேலும் வந்துகொண்டிருந்தது. மண்ணிலிருந்து குதிகாலுக்கு, குதிகாலிலிருந்து சங்கிலிக்கு, சங்கிலிக் கண்ணிகளுக்குள் நுழைந்து புண்ணுக்கு.

"பானகம் சிந்தியிருக்கும்" என்றான் கரியப்பன். ஆனால் குரலில் பலம் இல்லை.

"பானகம் சிந்தினது அங்க." சுவரோரம் உருண்ட சொம்பைக் காட்டினாள். "இது அவரு ஒடம்புல இருந்து வந்தது. ஒடம்பே வெல்லமா உருகிப் போவுது மாமா. நானும் இத்தினி நாளு பானகம்னுதான் நெனச்சேன்."

கரியப்பன் குனிந்தான். ஈரத்தில் ஒரு விரலை வைத்தான். எடுத்த விரலின்மேல் ஓர் எறும்பு ஏறி வந்தது. அதை வெகுநேரம் பார்த்தான். அந்த வெகுநேரம் ஒரு நிமிஷம்கூட இருந்திராது. ஆனால் ரங்கம்மாவுக்கு அதற்குள் தாலியை இரண்டு முறை தொட்டுப் பார்க்க நேரம் இருந்தது.

"அடி நாராயணி" என்றான் அவன், "சாவி உன் மடியிலதான இருக்கு? எடு, எடு!"

தோப்பு முனையில் மாங்காய் லாரி நின்றிருந்தது. பாதி ஏற்றிய காயின்மேல் வைக்கோல் பரப்பி, தம்பியைத் தன் மடியில் போட்டுக்கொண்டு கரியப்பனே உட்கார்ந்தான். கிருஷ்ணகிரி போய்ச் சேரும்வரை எறும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து எறிந்துகொண்டே வந்தான்.

மூன்றாம் நாள் தீர்த்தகிரி கண் திறந்தான். புண் கீழே இறங்கி, வலது காலில் இரண்டு விரல்கள் போயிருந்தன. இன்னும் ஒரு நாள் சங்கிலி கிடந்திருந்தால் கால் போயிருக்கும் என்றார் டாக்டர். கரியப்பன் அதைக் கேட்டுவிட்டு வெளியே போனான், சாயங்காலம்வரை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாகலூர்க்காரர்கள் வந்து போனார்கள்; அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"அந்த வெள்ளை மாத்திரை சில பேருக்கு ஒடம்பைப் பெருக்க வெக்குது" என்று டாக்டர் அவளிடம் நிதானமாகச் சொன்னார். "பெருத்த ஒடம்புல சக்கரை சுலபமா ஏறும். மாத்திரை இல்லாத காலத்துலயும் இந்த மாதிரி மனசுக்காரங்களுக்குச் சக்கரை வர்றதைப் பாத்திருக்காங்க. ஏன்னு என்னைக் கேட்டா எனக்குத் தெரியாது."

"அப்ப மாத்திரைய நிறுத்திரலாமா சாமி?"

"நிறுத்தினா ஏத்தம் வரும். ஏத்தத்துல இருக்கறவரு தெனம் போடற சக்கரை ஊசிக்குக் கை நீட்டுவாரா? பத்தியம் இருப்பாரா? சக்கரை ஏறும். சக்கரை ஏறினா புத்தி தடுமாறும். ஒண்ணைக் கட்டினாத்தான் இன்னொண்ணு நிக்கும்." பேனாவை மூடிக்கொண்டே, "ரெண்டும் ஒரே மாதிரி வேஷம் போட்டுக்கினு வரும்மா. தாகம், தூக்கமின்மை, நடை. எது வந்திருக்குன்னு நீதான் பாக்கணும்" என்றார்.

ராஜப்பன் பார்க்கிற வழியைச் சொல்லிக்கொடுத்தான். கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீர், அதில் அவன் மூத்திரம் எட்டுச் சொட்டு, அடியில் ஸ்பிரிட் விளக்கு. நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம் என்று மாறினால் ஆபத்து. "ரொம்ப நல்லாப் பண்றம்மா. நாளைக்கு எனக்கே வேலை போயிரும்போல" என்றான். அன்றைக்கு அவள் சிரித்தாள்.

அந்த ஆடியும் ஆவணியும் அவள் நிறம் பார்த்தே கழித்தாள். பச்சை கண்டால் களியைக் குறைத்தாள். மஞ்சள் கண்ட ஒரு நாள் முழுக்க வாய் உலர்ந்து திரிந்தாள். ஐப்பசியில் பெரும்பாலும் நீலம். பானை பரணிலிருந்து இறங்கி வந்தது. நீலத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குள் ஏதோ ஒரு முடிச்சுத் தளர்ந்தது.

தை மாதத்தில் ஒரு காலை. பானையில் சொம்பை விட்டாள். அடியில் தட்டியது.

கை அப்படியே நின்றது. கொல்லைப் பக்கம் தீர்த்தகிரியின் குரல் கேட்டது. கரியப்பனின் ஆளிடம் பேசிக்கொண்டிருந்தான். இன்னும் வெளிச்சம் முழுதாக வரவில்லை. இவன் எப்போது எழுந்தான்? பேச்சில் இடைவெளி இல்லை. "ராயக்கோட்டை வரைக்கும் மேடு, அதைச் சுத்திக்கினு வந்தா..." என்பது காதில் விழுந்தது.

அவள் விளக்கை ஏற்றினாள். குழாயைப் பிடித்தாள். வழக்கம்போல் அவன் பிடித்து வைத்திருந்த மூத்திரத்தில் எட்டுச் சொட்டு எண்ணி விட்டாள். கொதி வந்தது. நுரை எழுந்து அடங்கியது. சிவக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். செங்கல்போல் சிவக்கட்டும், தாயே. ஊசி இருக்கிறது, பத்தியம் இருக்கிறது, சிவந்தால் எனக்கு வழி தெரியும்.

நீலமாகவே நின்றது. தை மாத வானம்போலத் தெளிந்த நீலம்.

விளக்கை ஊதினாள். மாத்திரைக் குப்பியை எடுத்துக் கொட்டிப் பார்த்தாள். இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருந்தன. எப்போது விழுங்காமல் விட ஆரம்பித்தான்?

இரண்டு வயல் தள்ளி கரியப்பனின் வீட்டில் புகை எழுந்துகொண்டிருந்தது. நாலு எட்டில் போய்விடலாம். ஓடிப் போய்ச் சொல்லிவிடலாம். கால் அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு நின்றது.

குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அவள் முகத்தைக் கண்ட ஆள் மெல்ல நழுவினான். தீர்த்தகிரி பேச்சை நிறுத்தாமல் திரும்பினான். கண்ணில் பளபளப்பு இருந்தது.

"ரங்கு, கேளு, ராத்திரி எல்லாம் யோசிச்சேன்..."

"ஏறுதுங்க" என்றாள் அவள்.

குழாயை அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். உள்ளே நீலம் ஆடியது. அவன் அதைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாய் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். பேச்சு உள்ளே முட்டிக்கொண்டு நின்றது. அவன் கண் இறங்கிப் போய் வலது காலில், விரல் இல்லாத இடத்தில் நின்றது.

மிகுந்த பிரயாசையோடு, ஒரு சுமையை இறக்குகிறவனைப்போல் கேட்டான்.

"அண்ணன்கிட்டச் சொல்லிட்டியா?"

"இல்ல. உங்ககிட்டதான் மொதல்ல."

அவன் கையில் ஒரு முளைக்குச்சி இருந்தது. அதை இப்படியும் அப்படியும் உருட்டினான். உருட்டிக்கொண்டே இருந்தான். எறிந்துவிடுவான் என்று அவள் காத்திருந்தாள். எறியவில்லை.

"ஓசூர் போற மொத பஸ்ஸு எத்தினி மணிக்கு?" என்றான். "அங்க எறங்கினா பெங்களூருக்கு மாறிக்கலாம். சீக்கிரம் கெளம்பு ரங்கு. எனக்கு இப்பத் தெரியுது. இன்னும் கொஞ்சம் நேரம் போனா தெரியாது."

அவள் குழாயைக் கீழே வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்தாள். குச்சியோடு சேர்த்துத்தான் பிடிக்க முடிந்தது. அப்படியே ரோட்டுக்கு நடந்தார்கள். அவன் மறுபடி பேச ஆரம்பித்தான். ராயக்கோட்டை மேட்டைப் பற்றி, வளைவைப் பற்றி. பஸ் வருகிற திக்கையே பார்த்தபடி, அவன் கால் வேகத்துக்குத் தன் காலை எட்டிப் போட்டுக்கொண்டு அவள் நடந்தாள்.